பூச்சு போட்ட மக்காச்சோள விதையை எடுத்து வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் வேலை, கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ பெரம்பலூரிலோ நிலம் என்று இருக்கிற நம்மவர்கள் நிறைய பேர். ஊருக்குப் போகும்போது இங்கிருந்தே விதை வாங்கிப் போகிறார்கள், மழை தள்ளிப்போனால் மூட்டை திரும்ப ஹெப்பாளிலோ ராமமூர்த்தி நகரிலோ உள்ள வீட்டுக்கே வந்துவிடுகிறது. நான் விதைப் பரிசோதனை வேலையில் இருப்பதால் "இதை அடுத்த பருவத்துக்கு வைக்கலாமா" என்ற கேள்வி வருடா வருடம் வருகிறது. இனி கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தையே அனுப்பலாம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

விதைமேல் இருக்கிற சிவப்பு, பச்சை, நீலப் பூச்சு எதனால் ஆனது?

அந்த நிறம் வெறும் சாயம். அதை விதையோடு ஒட்ட வைப்பது ஒரு பாலிமர். பாலிவினைல் ஆல்கஹால், பாலிவினைல் அசிடேட், செல்லுலோஸிலிருந்து செய்த பசைகள் போன்றவை இதில் வரும். அந்தப் பசைக்குள்தான் பூஞ்சாணக்கொல்லி, பூச்சிக்கொல்லி, சில சமயம் நுண்ணூட்டம் எல்லாம் கலந்திருக்கும். மக்காச்சோளத்துக்குப் பெரும்பாலும் போடுவது மெல்லிய படலப் பூச்சு, அதனால் விதையின் வடிவமும் எடையும் பெரிதாக மாறாது. வெங்காயம், புகையிலை மாதிரி பொடி விதைகளுக்குச் செய்வது போலக் களிமண் சேர்த்து உருண்டையாக்கும் வேலை இதற்குத் தேவையில்லை, விதையே பெரிது.

பூச்சு போட்ட விதை போடாத விதையைவிட அதிக நாள் கெடாமல் இருக்கும்தானே?

பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடைக்காரர்களும் "கோட்டிங் போட்டது சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் விதையின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் ஈரம், அடுத்தது அது இருக்கும் இடத்தின் வெப்பம். பூச்சு அதற்கப்புறம்தான் வருகிறது.

ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி சொன்ன கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கும்வரை, ஒவ்வொரு சதவீதம் குறைக்கும்போதும் சேமிப்பு ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதேபோல் சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். தோராயமான கணக்குதான், ஆனால் நடைமுறையில் நன்றாகவே பொருந்துகிறது. 14 சதவீத ஈரத்தில் இருக்கிற விதையை 10 சதவீதத்துக்குக் காய வைத்தால் நான்கு முறை இரட்டிப்பு, அதாவது 16 மடங்கு. இந்த அளவுக்கு ஆயுளைக் கூட்டும் பூச்சு எந்தக் கடையிலும் கிடையாது.

படலப் பூச்சு சில மைக்ரான்தான் தடிமன் இருக்கும், அதில் பயன்படும் பசைகளில் பல நீரை விரும்புபவை. நிலத்தில் போட்டதும் ஈரத்தை உள்ளே விட வேண்டும் என்பதற்காக அப்படித்தான் செய்கிறார்கள். முளைக்கும்போது தண்ணீரை உள்ளே விடுகிற படலம் சேமிப்பில் மட்டும் காற்றின் ஈரத்தைத் தடுத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. உறிஞ்சும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். மாதக் கணக்கில் திறந்த சாக்கில் கிடந்தால் பூச்சு போட்டதும் போடாததும் ஒரே ஈரத்துக்குத்தான் வந்து நிற்கும்.

அப்படியானால் பூச்சால் சேமிப்பில் எந்தப் பயனும் இல்லையா?

நிச்சயமாக உண்டு. பாலிமரோடு பூஞ்சாணக்கொல்லி சேர்த்த விதை, எதுவும் போடாத விதையைவிட ஆறேழு மாதம் கழித்துப் பார்க்கும்போது முளைப்புத்திறனில் கொஞ்சம் முன்னால் நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற சேமிப்புப் பூஞ்சாணங்கள் முளைக்கருவைத் தின்பதை அந்த மருந்து தடுக்கிறது. பூச்சிக்கொல்லி இருந்தால் வண்டு துளைப்பது குறையும். மருந்தைப் பொடியாகத் தூவினால் பாதி மூட்டையின் அடியில் உதிர்ந்து கிடக்கும், பாலிமர் அதை எல்லா விதையிலும் சமமாக ஒட்ட வைக்கிறது. ஏற்றி இறக்கும்போது உராய்வும் குறைகிறது, விதைப்புக் கருவியில் விதை தடையில்லாமல் ஓடுகிறது.

ஆனால் இவ்வளவும் காய்ந்த, உடையாத, ஆரம்பத்திலேயே வீரியமான விதைக்குத்தான் கிடைக்கும். ஏற்கெனவே முதுமையடைந்த விதைக்குப் பூச்சு போட்டால் பார்க்க அழகாக இருக்கும், முளைப்பு திரும்பி வராது.

மக்காச்சோளம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வீரியம் இழக்கிறது?

அதன் முளைக்கரு பெரிது. மணியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே முளைக்கருதான், மணியில் இருக்கும் எண்ணெயில் பெரும்பகுதியும் அங்கேதான். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தக் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைகிறது, செல் சவ்வுகள் ஓட்டையாகின்றன. அப்படிப்பட்ட விதையை ஊற வைத்தால் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசியும். ஆய்வகத்தில் ஊற வைத்த நீரின் மின்கடத்துத்திறனை அளப்பதே இந்தக் கசிவைப் பார்க்கத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், முளைப்பு விழுவதற்கு முன்பே வீரியம் விழுந்துவிடும். ஆய்வகத்தில் 25 டிகிரியில் 90 சதவீதம் முளைக்கிற விதை, வயலில் குளிர்ந்த ஈர மண்ணிலோ மண் இறுகிய இடத்திலோ 60 சதவீதத்துக்குக் கீழே போகலாம். விதைச் சான்றளிப்பு விதிப்படி கலப்பின மக்காச்சோளத்துக்குக் குறைந்தது 90 சதவீத முளைப்பு வேண்டும், ஈரப்பதம் சாதாரணப் பைக்கு 12 சதவீதமும் காற்றுப் புகாத பைக்கு 8 சதவீதமும் தாண்டக் கூடாது. அந்த 90 என்ற எண்ணை மட்டும் நம்பி எட்டு மாதம் வைத்திருந்த விதையைப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். விதைக் காசு போவது ஒருபக்கம் இருக்கட்டும், பருவம் போனால் வருமா?

எந்தப் பூச்சு சேமிப்பில் விதையைக் கெடுக்கும்?

பூச்சிக்கொல்லி சேர்ந்த பூச்சில்தான் அதிக கவனம் வேண்டும். நாள் ஆக ஆக மருந்து விதைத் தோலைத் தாண்டி உள்ளே போகிறது, அதிலும் கதிரடிக்கும்போதோ மெஷினில் உருளும்போதோ தோலில் கீறல் விழுந்த விதையில் இன்னும் சுலபமாகப் போகும். அப்புறம் முளைக்கும் நாற்றின் வேர் குட்டையாகத் தடித்து வரும், சில நாற்றுகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். சில பூச்சிக்கொல்லிகள் போட்டு நாள்கணக்கில் வைத்த மக்காச்சோள விதையில் வீரியம் குறைவதை பிரேசிலில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எல்லா மருந்தும் ஒரே மாதிரி இல்லை, எல்லா ரகமும் ஒரே மாதிரி தாங்குவதும் இல்லை. அதனால் என் கருத்து இதுதான்: பூஞ்சாணக்கொல்லி மட்டும் போட்ட விதையை நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரு பருவம் வைத்துப் பார்க்கலாம், பூச்சிக்கொல்லியும் சேர்ந்ததை வாங்கிய பருவத்திலேயே விதைத்துவிடுவது நல்லது.

படைப்புழுவுக்குப் போடுகிற விதை மருந்து எத்தனை நாள் வேலை செய்யும்?

அமெரிக்கன் படைப்புழு இந்தியாவில் முதலில் தென்பட்டது நம் பக்கத்து சிவமொக்காவில்தான், 2018 மே மாதம். அதற்கப்புறம் சையன்ட்ரனிலிப்ரோல் 19.8 சதவீதமும் தையமீத்தாக்சாம் 19.8 சதவீதமும் சேர்ந்த எஃப்.எஸ். (விதையில் பூசும் திரவ வகை) மருந்தைக் கிலோ விதைக்கு 6 மில்லி வீதம் நேர்த்தி செய்யச் சொல்கிறார்கள். முளைத்து இரண்டு, மூன்று வாரம் வரை நாற்றைக் காக்கும், அவ்வளவுதான். இந்த நாள் கணக்கு விதைத்த பிறகு ஓடுவது. பீரோவில் வைத்திருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. வாய்ப்பு இருந்தால் மருந்து போடாத விதையாக வாங்கி, விதைப்பதற்கு முந்தின நாள் நீங்களே நேர்த்தி செய்வது மேல்.

வீட்டிலேயே பாலிமர் பூச்சு போடலாமா? என்ன அளவு?

போடலாம். வழக்கமான பரிந்துரை ஒரு கிலோ விதைக்கு 3 கிராம் பாலிமர், அதை 5 மில்லி தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் விதையையும் கரைசலையும் போட்டு, பையை ஊதிக் கட்டிக் குலுக்கினால் இரண்டு, மூன்று நிமிடத்தில் சமமாக ஒட்டிவிடும். பிறகு நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டு ஹாலில் செய்யாதீர்கள்.

தண்ணீர் அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு கிலோ விதையில் 10 சதவீத ஈரம் என்றால் உள்ளே 100 கிராம் நீர். அதில் 5 மில்லி சேர்த்தால் ஈரம் ஏறக்குறைய 10.4 சதவீதம். "நல்லா ஒட்டட்டும்" என்று 20 மில்லி ஊற்றினால் 11.8-ஐத் தொட்டுவிடும். ஹாரிங்டன் கணக்குப்படி பார்த்தால் ஆயுள் பாதிக்கும் கீழே. அப்படியே பையைக் கட்டி வைத்தால் பூச்சு போட்ட நல்ல காரியமே விதைக்கு எதிரியாகிறது. உடனே விதைப்பதென்றால் பரவாயில்லை, சேமிக்கத்தான் என்றால் பூச்சுக்குப் பிறகு ஈரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தே ஆக வேண்டும்.

பெங்களூருவில் ஊரைவிடக் குளிர்ச்சிதானே, இங்கே வைத்தால் நல்லதுதானே?

வெப்பத்தைப் பொறுத்தவரை ஆமாம். நகரம் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெரம்பலூர் வெயிலோடு ஒப்பிட்டால் விதைக்கு நிம்மதியான இடம். ஆனால் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை காலை நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். மழைநாளில் திறந்து வைத்த அப்பளம் நமத்துப்போகிற மாதிரி விதையும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 25 டிகிரி வெப்பத்தில் காற்று ஈரம் 45 சதவீதமாக இருந்தால் மக்காச்சோள விதை 10 சதவீதத்தை ஒட்டி நிற்கும், 75 சதவீதமாக இருந்தால் 14-ஐத் தாண்டிவிடும். குளியலறைப் பக்கத்துச் சுவர், தரைத்தளத்து ஸ்டோர் ரூம், மாடியில் தகரக் கூரைக்குக் கீழே, இந்த மூன்று இடமும் வேண்டவே வேண்டாம்.

சாக்கு நல்லதா, பிளாஸ்டிக் பை நல்லதா?

விதை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 8 சதவீதத்தை ஒட்டிக் காய்ந்த விதை என்றால் 700 காஜ் தடிமன் பாலித்தீன் பை, காற்றுப் புகாத டப்பா, நல்ல மூடியுள்ள டிரம், எதுவும் சரி. 12-க்கு மேல் ஈரம் இருக்கிற விதையைக் காற்றுப் புகாமல் கட்டினால் அதன் ஈரமே அதைப் புழுங்க வைக்கும், பூச்சில் இருக்கிற பூஞ்சாணக்கொல்லி அந்த அளவுக்கு ஈரத்தைச் சமாளிக்காது. அதற்கு சாக்கே மேல், ஆனால் சாக்கில் மூன்று மாதத்துக்கு மேல் ஆசை வைக்காதீர்கள்.

கடையில் வாங்கிய, பிரிக்காத பையை அப்படியே வையுங்கள். பிரித்துவிட்டால் மிச்சத்தைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, துணிப்பையில் கட்டிய சிலிகா ஜெல்லையும் உள்ளே வைத்து இறுக மூடி விடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

காற்றுப் புகாத டப்பாவில் என்றால் தாராளமாக, ஆனால் சமையல் பொருள் வைக்கிற ஃபிரிட்ஜில் மருந்து போட்ட விதை வேண்டாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த விதைமேல் நீர் முத்துப் பிடிக்கும்.

பூச்சு இருந்தும் வண்டு விழுகிறதே?

பூஞ்சாணக்கொல்லி மட்டும் உள்ள பூச்சு வண்டைத் தடுக்காது. கூன்வண்டும் அந்துப்பூச்சியும் பல சமயம் வயலிலேயே மணிக்குள் முட்டையாக வந்துவிடுகின்றன, பூச்சு அதன்மேல் போர்த்திக்கொண்டு நிற்கும். மறுபடியும் காய்ந்த விதைக்கே வருகிறேன்: ஈரம் 9 சதவீதத்துக்குக் கீழே போனால் கூன்வண்டு பெருகத் திணறும்.

மருந்தே வேண்டாம் என்பவர்கள், சொந்தக் கூட்டு ரக (கலப்பினம் அல்லாத, விளைச்சலிலிருந்தே விதை எடுக்கக்கூடிய) விதை வைத்திருப்பவர்கள், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்புக் கல் பொடி, அரப்பு இலைப்பொடி மூன்றையும் 5:4:1 என்று கலந்து கிலோவுக்கு 3 கிராம் போடும் பழைய பரிந்துரையைப் பின்பற்றலாம். ஊரில் அரப்பு மரம் இருந்தால் செலவும் அதிகமில்லை.

அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா பூசிய விதையை எத்தனை நாள் வைக்கலாம்?

வைக்கக் கூடாது. உயிருள்ள நுண்ணுயிர்கள் காய்ந்த விதைமேல் நாளுக்கு நாள் செத்துக்கொண்டே வரும், அதிலும் அடியில் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி இருந்தால், தானே ஒரு பூஞ்சாணமான டிரைக்கோடெர்மாவுக்கு வழியே இல்லை. விதைக்கிற அன்று ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள்.

எடுத்து வைத்த விதை நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் பாருங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கலந்து நூறு விதை எண்ணி எடுங்கள். ஆய்வகத்தில் 400 விதை போடுவோம், வீட்டுக்கு நூறு போதும். பூச்சு போட்ட விதை என்பதால் ஈரத் துணியிலோ தாளிலோ போடாதீர்கள். சுருட்டிய தாளுக்குள் மருந்து செறிந்து நின்று நல்ல நாற்றையும் கோணலாகக் காட்டும். நாங்களும் இப்படிப்பட்ட விதைக்கு மணலில்தான் சோதனை வைப்போம். கழுவிய ஆற்று மணலோ கட்டட மணலோ ஒரு பழைய தட்டில் பரப்பி, ஈரமாக்கி, இரண்டு செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். நான்காம் நாள் ஒருமுறை எண்ணுங்கள், ஏழாம் நாள் கடைசியாக எண்ணுங்கள். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும், அப்போது இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள்.

ஏழாம் நாள் எண்ணைவிட நான்காம் நாள் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏழாம் நாள் 88 வந்து, நான்காம் நாள் 40 மட்டுமே வந்திருந்தால் அந்த விதைக்கு வயது ஆகிவிட்டது என்று பொருள். நல்ல மண், நிச்சயமான பாசனம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாக விதைத்துச் சமாளிக்கலாம், மானாவாரிக்கு அதை நம்ப மாட்டேன்.

பூச்சு உதிர்ந்து பையின் அடியில் தூளாகக் கிடக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. 2008-இல் ஜெர்மனியின் மேல் ரைன் பகுதியில் குளோத்தியானிடின் என்ற பூச்சிக்கொல்லி போட்ட மக்காச்சோள விதையைக் காற்றழுத்த விதைப்புக் கருவியில் விதைத்தபோது, சரியாக ஒட்டாத பூச்சு தூளாகப் பறந்து பூக்களில் படிந்தது, ஆயிரக்கணக்கான தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. பூச்சின் ஒட்டும் தரத்தை உலகம் இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பூச்சு அதிகமாக உதிர்கிற பையைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள், வயலில் ஊதிப் பறக்க விடாதீர்கள்.

மிச்ச விதையைக் கழுவிக் கோழிக்கோ மாட்டுக்கோ போடலாமா?

கூடவே கூடாது. சாயம் போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்று ஆகாது. 1971-72-இல் ஈராக்கில் மெத்தில் மெர்குரி போட்ட கோதுமை, பார்லி விதையை மக்கள் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். பையிலிருந்த எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாத மொழிகளில் இருந்தது, கழுவியதும் நிறம் போனதால் விஷமும் போனது என்று நம்பினார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்தார்கள். இன்றைய மருந்துகள் வேறு, ஆனால் நியோனிகோட்டினாய்டு (தையமீத்தாக்சாம், குளோத்தியானிடின் சேர்ந்த பூச்சிக்கொல்லி வகை) போட்ட ஒரே ஒரு மக்காச்சோள மணி ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதும். விதைப்பின்போது சிந்தியதையும் மண்ணுக்குள் மூடிவிடுங்கள். நம் சட்டப்படியும் நேர்த்தி செய்த விதைப் பையில் மருந்தின் பெயரும், உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

போன வருடம் விளைந்த கலப்பின மக்காச்சோளத்தையே பூச்சு போட்டு விதையாக வைக்கலாமா?

முளைக்கும். ஆனால் அடுத்த தலைமுறையில் செடிகள் உயரம், பூக்கும் நாள், கதிர் எல்லாவற்றிலும் ஆளுக்கொரு மாதிரி வரும், மகசூல் இறங்கும். பூச்சால் அதைச் சரிசெய்ய முடியாது.

வாங்கும்போது பையில் எதைப் பார்க்க வேண்டும்?

விலைக்கு முன்னால் பரிசோதனை தேதியைப் பாருங்கள். சான்று விதைக்கு அந்தத் தேதியிலிருந்து 9 மாதம்தான் செல்லுபடி, மறுபடி சோதித்துத் தேறினால் இன்னும் 6 மாதம் நீட்டலாம். தனியார் கலப்பினங்கள் பெரும்பாலும் பச்சை நிற உண்மைநிலை அட்டையோடு (சான்று இல்லாமல் நிறுவனமே தரத்தைச் சொல்லும் அட்டை) வரும், அதிலும் தேதிகள் இருக்கும். பழைய அட்டைமேல் புது அட்டை ஒட்டியிருந்தால் காரணம் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். அடுத்தது மருந்தின் பெயர், பூச்சிக்கொல்லி இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு அவ்வளவு மட்டும் வாங்குங்கள். விதைத்து முடியும்வரை பில்லையும் அட்டையையும் பையோடு வைத்திருங்கள், முளைப்பு மோசமாக வந்தால் வேளாண் துறையில் புகார் கொடுக்க அவை இரண்டும் கையில் இருக்க வேண்டும்.